கடல் கடந்து வாங்கிய கமரா

திருகோணமலையின் உட்துறைமுகத்தை நோக்கிய வீதியொன்றிலே எமது வீடு அமைந்திருந்தது. கப்பல் வருவதையும் போவதையும், பிறர் நாட்காட்டியைப் பார்ப்பது போலப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கப்பலில் வந்த பொருள் எதுவாயினும் அது ஊருக்குள் புகுமுன் துறைமுகத்தாரின் கையில் ஒருமுறை தங்கிப் போகும் என்பார் எம் தந்தையார். அப்படி அவர் கைக்கு வந்து, திரும்பிப் போகாமலே நின்றுவிட்ட பொருள் ஒரு கமரா.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிரித்தானியர் இங்கிருந்த தமது கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்தனர். ஊரைவிட்டுப் போகின்றவர் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவது வழக்கந்தானே! தளத்தின் அலுவலகத்தில் எழுதுவினைஞராயிருந்த தந்தையாரிடம், உடன் பணியாற்றிய ஆங்கிலேயர் ஒருவர் தமது மடிப்புக் கமராவை விற்க முன்வந்தார். கொல்லன் துருத்தியைப் போலத் தோல் மடிப்பு விரிந்து சுருங்கும் பழைய வகை. விலை பேசுமுன் அம்மனிதர் செய்த காரியத்தைத் தந்தையார் தம் இறுதிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். “ஒரு சுருளை இதிலே போட்டு எட்டுப் படங்களையும் எடுத்துப் பாருங்கள். கழுவிய படங்களைக் கொண்டு வாருங்கள்; விலையை அதன் பிறகு பேசுவோம்” என்றாராம்.

தந்தையார் ஒல்லாந்தக் குடாவின் கரையிலும், பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் மான்களுக்கு நடுவிலும் எட்டுப் படங்களை எடுத்தார். துருத்தியில் ஓட்டையில்லை, வில்லையில் மங்கலில்லை. விலை முடிந்தது. 1963இல் கோணேசர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது சுவாமி மலையில் திரண்டிருந்த மக்களை அவர் படம்பிடித்தது இக்கமராவினாலேதான். 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசர் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலன்றோ அது! இடிந்த தூண்கள் நீருக்கடியிற் கிடப்பதை 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்த கிளார்க்கின் நூலொன்று அச்செய்தியை உலகறியச் செய்தது. அவர்களுக்கு நீர் புகாத கமரா வாய்த்திருந்தது. தந்தையாருக்கோ கரையிலே நின்று பார்க்கும் கமராதான். இருந்தும் எங்கள் வீட்டுக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

இத்தனையையும் சொல்லக் காரணம், இந்தப் பாடத்தை வீட்டிலேயே கற்றிருந்தும் நான் தவறிய கதையைச் சொல்வதற்காகவே.

1970 முதல் 1977 வரை இந்நாட்டில் இறக்குமதிக்குப் பெருங் கட்டுப்பாடு இருந்தது. கமராவை விடுங்கள்; படச்சுருளே அரும்பொருளாயிற்று. தந்தையாரின் கமராவும் அதற்குள் முதுமையெய்தித் துருத்தி கிழிந்து போயிற்று. 1979இல், ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், சிங்கப்பூரில் குடியேறியிருந்த அம்மானைப் பார்க்கப் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் எங்கள் பக்கத்திலிருந்தும் மலாயாவுக்கு எழுதுவினைஞராகச் சென்று அங்கேயே வேரூன்றியவர்களில் அவரும் ஒருவர். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் என் மடியிலிருந்தது. அப்பாச்சியை ஒரு நல்ல படம் எடுக்கவேண்டும் என்பது என் எண்ணம். அவர் வாழ்நாளில் கமராவுக்கு முன் இருந்ததேயில்லை. “படம் பிடித்தால் ஆயுள் குறையும்” என்று விலகிப் போய்விடுவார். நான் வெளிநாடு போகிறேன் என்றதும் மனம் இளகி, “நீ கொண்டுவரும் கமராவிலே எடு மோனை” என்றுவிட்டார்.

இரண்டு வாரம் ஊர் பார்த்தேன். உறவினர் வீடுகளில் விருந்துண்டேன். கமராக் கடைக்குப் போனது கடைசி நாள் மாலையில். புதியது என் பணத்துக்கு எட்டவில்லை. பழைய பொருள் விற்கும் கடையொன்றில், தூரமானி பொருந்திய ஜப்பானியக் கமரா ஒன்று கண்ணாடிப் பேழைக்குள் மினுங்கிற்று. “தம்பி, ஒரு சுருள் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கு” என்றார் அம்மான். விடிந்தால் விமானம், சுருளை யார் கழுவித் தருவது? கடைக்காரர் விசையை அழுத்திக் காட்டினார். அந்த இனிய ஓசையில் மயங்கிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

ஊர் திரும்பி, முற்றத்து வேப்பமரத்தடியில் அப்பாச்சியை இருத்தி முழுச் சுருளையும் எடுத்தேன். கழுவி வந்த படங்களில் ஒவ்வொன்றிலும், ஒரே இடத்தில், வெண்புள்ளியொன்று விழுந்திருந்தது. இவ்வகைக் கமராவில் படச்சுருளை மூடி நிற்பது கறுப்புத் துணித்திரை. வில்லைக்கு மூடியிடாமல் வெயிலில் வைத்துவிட்டால், உருப்பெருக்கியால் தாளைச் சுடுவது போல வில்லையே அத்துணியைச் சுட்டுவிடும். முன்பு வைத்திருந்த எவரோ அப்படிச் செய்திருக்கிறார். ஊசி முனையளவுத் துளைதான்; திருகோணமலை வெயிலுக்கு அது போதுமானதாயிற்று. பின்புற மூடியைத் திறந்து, வில்லையைக் கழற்றி, திரையை ஒரு விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

திரையை மாற்றிவிட்டு மறுபடியும் எடுக்கலாமென்று இருந்தேன். அடுத்த ஆண்டு பங்குனியில் அப்பாச்சி காலமானார். அந்தச் சுருளில் மிஞ்சிய நல்ல படம் ஒன்றே. அதில் புள்ளி அவரது இடக்காதின் அருகே விழுந்திருக்கிறது. வருவோர் அதைத் தோட்டின் ஒளி என்று எண்ணிக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

அதன் பின்னர் பழைய கமராக்களைப் பற்றிச் சற்று அக்கறையோடு அறிந்துகொண்டேன். முதலாவது எதிரி பூஞ்சணம். எங்களைப் போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றிலே அது வில்லைக்குள் சிலந்தி வலை போலப் படரும். காலத்தோடு துடையாவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். கடையின் வெளிச்சத்தில் அது தெரியாது. சிறிய கைவிளக்கொன்றை வில்லையின் பின்னிருந்து சாய்வாகப் பிடித்தால் ஒளிந்திருந்தது வெளிப்படும். மஞ்சள் நிறம் வேறு சங்கதி. 1960களிலும் 1970களிலும் வந்த சில உயர்ந்த வில்லைகளில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த கண்ணாடி உண்டு. அது நாளடைவில் பழுக்கும். பல நாள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தெளியும். ஆகவே அதற்கு அஞ்சி நல்ல வில்லையை விட்டுவிட வேண்டியதில்லை. பழைய ஒளிமானிகள் பலவும் 1.35 வோல்ற் இரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டவை. அம்மின்கலம் இப்போது கிடையாது; மாற்று மின்கலத்தின் வலு சற்றுக் கூடுதலாகையால் மானி பிழையாகக் காட்டும். நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் மூழ்கப் போகின்றவர்கள் தேடித் திரியும் நிக்கோனொஸ் என்னும் நீரடிக் கமரா 1963இல் தொடங்கி 2001இல் நின்றுபோனது. வாங்குவோர் அதன் இறப்பர் வளையங்களைத்தான் முதலிற் பார்க்கவேண்டும். அவை காய்ந்திருந்தால் முதல் மூழ்கலே கடைசி மூழ்கலாகும்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். சோவியத் நாட்டின் கார்கிவ் நகரில் 1934 முதல் ஜேர்மன் லெய்க்காவைப் பார்த்துச் செய்யப்பட்ட பெட் என்னும் கமரா, தன்னளவில் குறைந்ததன்று. அதன் பெயரைச் சுரண்டி, லெய்க்கா என்று பொறித்து, போர்க்காலச் சின்னங்களையும் சேர்த்து விற்போர் பலர். சின்னங்கள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவுக்கு ஐயமும் கூடவேண்டும். ஜப்பானியக் கமராக்களிலே சிறு பொன்னிற ஒட்டுத்தாளைக் கண்டு மகிழ்வோரும் உளர். ஏற்றுமதிக்கு முன் நடந்த சோதனையில் அக்கமரா தேறியது என்பதே அதன் பொருள். பிறந்தபோது பெற்ற சான்றிதழ் முதுமையின் நோயைச் சொல்லுமா? ஒரு காலத்தில் மலிவுப் பொருள் என்று இகழப்பட்ட ஜப்பானிய வில்லைகளுக்கு, 1950இல் கொரியப் போருக்கு வந்த அமெரிக்கப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் கண்ட தரமே உலக மதிப்பைத் தேடிக் கொடுத்தது. அதற்கு முன்பு அவற்றை வாங்கியோர் நல்ல வியாபாரம் செய்தவர்கள்!

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். பயிற்சிக்காகத் தோக்கியோ செல்கிறார். அங்கே சிஞ்சுக்குப் பகுதியில் பழைய கமராக் கடைகள் நிரம்ப இருக்கின்றனவாம். “சேர், எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்டார். முதல் இரண்டு நாளுக்குள் வாங்கிவிடுங்கள், மீதி நாட்களில் அதனாலேயே படம் எடுத்துப் பாருங்கள், பழுதென்றால் கடையும் நீங்களும் ஒரே ஊரில் இருப்பீர்கள் என்றேன். எண்முறைக் கமராவென்றால், அதன் விசை எத்தனை ஆயிரம் முறை இயங்கியிருக்கிறதென்று கேட்கவேண்டும். துவாரத்தைப் 16க்குக் குறுக்கி வெறும் வானத்தைப் படம் எடுத்தால் உணரியிலுள்ள தூசு கறுப்புப் பொட்டாகத் தெரியும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான கமராக்கள் சிலவற்றில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி இராது. இதனை அறியாது வாங்கிப் பொம்மை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்போர் உண்டு. புதிதாயின் உத்தரவாதம் இலங்கையிற் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும். அங்கே நுகர்வு வரி நூற்றுக்கு 10. வெளிநாட்டுப் பயணிக்குச் சலுகை உண்டு. 2026 நவம்பரிலிருந்து வரியை முதலிற் செலுத்திப் புறப்படும்போது மீளப் பெறும் முறை வருவதாக அறிவித்திருக்கிறார்கள். ஆகவே பற்றுச்சீட்டை எறியலாகாது. கொண்டுபோகும் பழைய கமராவின் தொடரிலக்கத்தைச் சுங்கத்தாரிடம் பதிந்துகொண்டு போனால், திரும்பி வரும்போது அதற்கும் தீர்வை கேட்கும் வழக்கு எழாது. படச்சுருளைப் பெட்டியிலிட்டு அனுப்பக்கூடாது. புதிய வகைச் சோதனைப் பொறிகள் அதை ஒரே தடவையில் பழுதாக்கிவிடும். கையிற் கொண்டுபோய்க் கையாலே சோதிக்கும்படி கேட்கவேண்டும்.

எல்லாவற்றையும் அவர் கைத்தொலைபேசியிற் குறித்துக்கொண்டார். அதனுள்ளேயே கமரா இருக்கிறதே, பின்னும் எதற்கு என்று கேட்டேன். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன என்றும், பெரிய தாளில் அச்சிடத் தக்கதாய் அவற்றை எடுத்து வைக்கவேண்டும் என்றும் சொன்னார். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கமராவோடு போகவே அஞ்சி, நானும் என்னையொத்தவர்களும் எடுக்காமல் விட்ட படங்கள் எத்தனையோ. கடற்படைத் தளத்தின் பக்கம் மாத்திரம் இன்றும் கமராவைத் திருப்பவேண்டாம் என்றேன். அவர் சிரித்தார்.

புறப்படும்போது மேசை இழுப்பறையிலிருந்து என் சிறிய கைவிளக்கை எடுத்து, மின்கலம் மாற்றி, எரிகிறதா என்று பார்த்து அவரிடம் கொடுத்தேன்.