நம் இளைஞருக்குத் தொழில்முனைவு கற்பித்தல்: வேலப்பன்சாவடி அனுபவம்

 

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கிறோம். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அவர் அமர்ந்ததை எல்லோரும் நினைவுகூர்வோம். அதற்கு முன், 1924-இல், சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை இன்று எடுத்துக்கொள்கிறோம். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவல் நடக்கும் இடம் எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்று ஆணையிட்டது. சமூக உரிமை என்ற அளவில் நாம் அதைப் படித்திருக்கிறோம். எங்கள் வகுப்பில் அதைத் தொழில் பாடமாகவும் படிக்கிறோம். தெருவில் நடக்க முடியாதவன் தெருவில் கடை போட முடியாது. சந்தைக்குள் போக முடியாதவன் சரக்கின் விலையைப் பேச முடியாது.

நாங்கள் வகுப்பு நடத்தும் ஊரின் பெயரிலேயே சாவடி இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வரிசையாக வரும். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் பொது இடம். அந்தப் பொதுவில் நம் முன்னோர் எந்தத் திண்ணையில் உட்கார முடிந்தது என்று முதல் நாளே கேட்போம். இன்று அதே சாலையில் பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை, மார்பிள் கடைகள், லாரி நிறுத்தங்கள். அங்கே நம் பிள்ளைகள் காவலாளி, துப்புரவுப் பணியாளர், சுமை தூக்குபவர், வண்டி ஓட்டுநர். சாலையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அவர்கள் வீடு வரும். ஆனால் அந்த வீட்டுக்கும் வங்கி மேலாளரின் மேசைக்கும் உள்ள தூரம் மலைக்கிராமத்தின் தூரம்தான்.

ஏன் தொழில் வகுப்பு?

இலக்கிய மன்றத்துக்கு இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நிலமும் இடஒதுக்கீடும் கேட்க வேண்டிய நேரத்தில் 'முதலாளி ஆகு' என்று சொல்லிக் கொடுப்பதா என்றார்கள். நியாயமான கேள்வி. 2005-இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தலித் தொழில் வர்த்தக சபையைத் தொடங்கியது முதல் இந்த விவாதம் நம்மிடையே நடக்கிறது. மூலதனம் சாதியை உடைக்கும் என்பது ஒரு பக்கம். நான்கு பேர் கோடீசுவரர் ஆவதால் சேரி மாறாது என்பது மறுபக்கம்.

எங்கள் பதில் எளிமையானது. நம் இளைஞர்கள் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். டிபன் கடை, வாட்டர் வாஷ், டிங்கரிங், பெயிண்டிங், பந்தல், மேளம், மாவு அரைத்து விற்பது என்று செய்கிறார்கள். கணக்குத் தெரியாமல், கடன் வழி தெரியாமல், சட்டம் தெரியாமல் செய்கிறார்கள். அந்த அறியாமையால் லாபம் அடைவது வேறு ஒருவர். இடஒதுக்கீட்டுக்கும் நிலத்துக்கும் மாற்றாக இந்த வகுப்பை நாங்கள் வைக்கவில்லை. சுரண்டலைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் கற்றுத்தருகிறோம்.

நிலத்தை மறந்தால் கடனும் புரியாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை தந்தார். அதைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நம் கையில் இருக்க வேண்டிய அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது. வங்கி இன்று 'ஈடு என்ன இருக்கிறது?' என்று கேட்கும்போது நம் பிள்ளை வெறுங்கையோடு நிற்பதற்கு அவனுடைய சோம்பல் காரணமல்ல. பறிபோன நிலம் காரணம்.

முதல் பாடம்: தண்டல் கணக்கு

வகுப்பைத் திட்ட அறிக்கையில் தொடங்குவதில்லை. தண்டலில் தொடங்குகிறோம். பத்தாயிரம் கடன் என்று எழுதி 8,500 ரூபாய் கையில் தருகிறார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரத்து ஐந்நூறுதானே அதிகம்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளிலும் சராசரியாக அவர்கள் கையில் இருந்த பணம் 4,250 ரூபாய்தான். அதற்கு 1,500 வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 130 விழுக்காடு. இதே கடனை 12 விழுக்காட்டில் வங்கி தந்திருந்தால் வட்டி சுமார் 140 ரூபாய்.

கரும்பலகையில் 1,500-ஐயும் 140-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு முறை ஒரு பிள்ளை, 'எங்க அம்மா பதினாறு வருசமா இதைக் கட்டுறாங்க சார்' என்றான். அன்று அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை.

இரண்டாம் பாடம்: அடக்க விலை

மாவு விற்கும் ஒரு தங்கை கிலோ 40 ரூபாய்க்கு விற்றாள். அரிசி, உளுந்து 22 ரூபாய் போக 18 ரூபாய் லாபம் என்றாள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கரண்டும் கவரும் 4 ரூபாய், கிரைண்டர் தேய்மானம் 2, பெட்ரோல் 3, அம்மாவின் உழைப்பு 5. மிச்சம் 4 ரூபாய். 'அம்மாவுக்கு எதுக்கு சார் கூலி?' என்று கேட்டாள். வகுப்பிலேயே முக்கியமான கேள்வி அதுதான். நம் உழைப்புக்கு விலை இல்லை என்று சொல்லித்தான் சாதி நம்மை வைத்திருந்தது. அதையே நாம் வீட்டுப் பெண்களிடம் செய்யலாமா?

மூன்றாம் பாடம்: காகிதமும் உரிமையும்

சில விதிகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

10 லட்சம் ரூபாய் வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று 2010-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. 

உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவர் இடைத்தரகர்.

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-இல் தமிழக அரசு தொடங்கியது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. வட்டியில் 6 விழுக்காடு மானியம். வயது 55 வரை. படிப்புத் தகுதி தேவையில்லை. விண்ணப்பிக்கும் வழியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும்.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு உரியது. சரக்கை வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம்.

விதி தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்கள் மாணவன் ஒருவனை ஒரு வங்கிக் கிளையில் 'இந்த வருசக் கோட்டா முடிந்துவிட்டது' என்று சொல்லி அனுப்பினார்கள். கோட்டா என்று எதுவும் இல்லை. மறுநாள் ஐந்து பேர் சேர்ந்து போனோம். 'மறுப்பை எழுத்தில் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டோம். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அன்று முதல் யாரும் தனியாக வங்கிக்குப் போவதில்லை என்பது வகுப்பின் விதி.

நான்காம் பாடம்: சந்தையிலும் சாதி

அம்பேத்கர் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பியவர். பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுவிட்டார்கள். படிப்போ திறமையோ குறையாத மனிதருக்கே இது நேர்ந்தது. எனவே தோற்றுப்போன பிள்ளையிடம் 'உன் முயற்சி போதாது' என்று சொல்லும் தன்னம்பிக்கைப் பேச்சுகளை நாங்கள் வகுப்புக்குள் விடுவதில்லை. கடை வாடகைக்குக் கேட்டால் 'எந்தப் பக்கம் வீடு?' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் பொருள் எல்லோருக்கும் தெரியும். தோல்வியில் எது கணக்குப் பிழை, எது சாதி என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை தன்னையே வெறுக்கத் தொடங்குவான்.

ஒரு முடியாத விவாதம்

2024 டிசம்பரில் சென்னையில் தூய்மைப் பணியாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் தொழில்முனைவோராக்கும் திட்டத்தில் 213 கழிவுநீர் அகற்றும் நவீன ஊர்திகள் வழங்கப்பட்டன. குடிநீர் வாரியம் அவற்றுக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை தருகிறது. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. 'குழிக்குள் இறங்கியவன் வண்டிக்குச் சொந்தக்காரன் ஆகிறான், இது விடுதலை' என்றார்கள் சிலர். 'மலம் அள்ளும் தொழிலை மறுபடி நம் தலையிலேயே கட்டுகிறார்கள், பெயர்தான் தொழில்முனைவு' என்றார்கள் மற்றவர்கள்.

குழியில் இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவு நிற்கவில்லை. ஆகவே எந்திரம் வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. அதன்மேல் நான்கு கேள்விகளை எழுதி வைத்தோம். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில், யார் கையில் இருக்கிறது? ஒப்பந்தம் முடிந்தால் கடனை யார் சுமப்பது? வரவு செலவைப் பணியாளரே பார்க்கிறாரா? அவருடைய மகன் வேறு தொழிலுக்கு இதே மானியம் கேட்டால் கிடைக்குமா? நான்காவதற்கு 'ஆம்' என்ற பதில் வரும்வரை அதை விடுதலை என்று எங்களால் சொல்ல முடியாது. சாதியின் இலக்கணமே தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறிப்பதுதானே?

மாணவர்களுக்கு

உங்கள் கல்லூரியில் தொழில்முனைவு மையம் இருந்தால் அதில் சேருங்கள். அங்கே கற்றதை ஞாயிற்றுக்கிழமை உங்கள் பகுதிக்குக் கொண்டுபோங்கள். ஒரு கரும்பலகை போதும். தண்டல் கணக்கில் தொடங்குங்கள். வங்கிக்குப் போகும் அக்காவோடு துணைக்குப் போங்கள், படிவத்தை அவரே நிரப்பட்டும்.

தாத்தா சீனிவாசன் தெருவைத் திறந்துவிட்டுப் போனார். அந்தத் தெருவில் நம் பெயரில் பலகை மாட்டிய கடைகள் இன்னும் குறைவு. ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் மறைக்காமல் ஒரு பிள்ளை பலகை எழுதி மாட்டுவதற்கு நாம் எத்தனை பேர் பக்கத்தில் நிற்கிறோம் என்பதுதான் இந்த நினைவு நாளில் நம் முன் உள்ள வேலை.

ஜெய்பீம்.