கண்ணில் படுவதற்கும் வாடகை

2020 பிப்ரவரியில் நெய்வேலி சுரங்கப் பகுதியில் 'மாஸ்டர்' திரைப்படத்தின் படப்பிடிப்பு நடந்தது. தன்னைக் காணத் திரண்ட கூட்டத்தைப் பின்னணியாக வைத்து, வாகனம் ஒன்றின் மீதேறி நடிகர் விஜய் எடுத்த தற்படம் பலருக்கும் நினைவிருக்கும். நெய்வேலிக்கு நன்றி கூறி அவர் ட்விட்டரில் வெளியிட்ட அந்தப் படம்தான், அந்த ஆண்டில் இந்தியாவில் மிக அதிகமாக மறுபகிர்வு செய்யப்பட்ட பதிவு என்று டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது.

நெய்வேலி நகரியத்தை ஒட்டியுள்ள வடக்குத்தில், நெடுஞ்சாலையோரம் பலாப்பழமும் முந்திரியும் விற்கும் ஒருவர் தன் கடைக்கென முகநூல் பக்கம் ஒன்றை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை 2,000 பேர் பின்தொடர்கிறார்கள். காலையில் வந்திறங்கிய பலாவைப் படமெடுத்து அவர் பதிவிடுகிறார். 2,000 பேரும் அதைப் பார்ப்பார்கள் என்று அவர் நம்பினால் அதில் வியப்பில்லை. அவர்கள் விரும்பித்தானே பின்தொடர்ந்தார்கள்? ஆனால், அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பதிவு காட்டப்படுவதே இல்லை. பின்தொடர்தல் என்பது சந்தா அல்ல, ஒரு விண்ணப்பம் மட்டுமே. அதை ஏற்பதா, தள்ளுவதா என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார்.

இதற்கு முகநூல் நிறுவனம் 2014-இல் தந்த விளக்கம் எளிமையானது. ஒருவர் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அவருக்குக் காட்டத்தக்க பதிவுகள் சராசரியாக 1,500 காத்திருக்கின்றன. நண்பர்களும் பக்கங்களும் மிகுந்தவர்களுக்கு அது 15,000 வரை போகும். அவற்றில் ஏறத்தாழ 300-ஐ மட்டுமே முகநூல் தேர்ந்து முன்வைக்கிறது. கணக்கில் பிழையில்லை. தகவல் பெருகப் பெருகக் கவனம் அரிதாகும் என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். அரிதான எதையும் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். நியாயவிலைக் கடையில் அரிசிக்கு வரிசை இருப்பதுபோல, இங்கே மனிதக் கண்களுக்கு வரிசை. கேள்வி, வரிசையை யார், எந்த அளவுகோலால் அமைக்கிறார்கள் என்பதுதான்.

அந்த அளவுகோலை ஓரளவு வெளிச்சத்தில் பார்க்கும் வாய்ப்பு 2023-இல் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் தரவரிசை நிரலின் பெரும்பகுதியைப் பொதுவெளியில் வைத்தது. கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து முதலில் 1,500 பதிவுகள் ஒருவருக்காகத் திரட்டப்படுகின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி, அவர் பின்தொடராதவர்களுடையவை. பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் இந்த ஆள் விருப்பக்குறி இடுவாரா, மறுபகிர்வு செய்வாரா, பதில் எழுதுவாரா என்ற வாய்ப்பைக் கணினி ஊகிக்கிறது. ஒவ்வோர் ஊகமும் ஒரு மதிப்பெண்ணால் பெருக்கப்பட்டுக் கூட்டப்படுகிறது. அப்போது வெளியிடப்பட்ட மதிப்பெண்கள் இவை: விருப்பக்குறிக்கு 0.5, மறுபகிர்வுக்கு 1, பதிலுக்கு 13.5, அந்தப் பதிலுக்குப் பதிவிட்டவரும் எதிர்வினையாற்றினால் 75. பதிவைப் பற்றிப் புகார் அளித்தால் 369 கழிக்கப்படும்.

இதை நிதானமாகப் படித்தால் சமூக ஊடகத்தின் குணம் விளங்கிவிடும். பலாப்பழப் படத்தைப் பார்த்து மகிழ்ந்து விருப்பக்குறி இடுபவரைவிட, எதையோ படித்துக் கொதித்துப் பதில் எழுதுபவர் 27 மடங்கு மதிப்புள்ளவர். பதிவிட்டவரும் திருப்பி எழுதிச் சண்டை வளர்ந்தால் 150 மடங்கு. கணினிக்குச் சண்டை பிடிக்கும் என்பதல்ல. அதற்குச் சண்டையும் உரையாடலும் ஒன்றுதான். இரண்டிலும் மக்கள் திரையை விட்டு அகலுவதில்லை, விளம்பரம் காட்ட நேரம் கிடைக்கிறது.

முகநூலிலும் இதே கதைதான். 2017-இல் கோபம், சிரிப்பு, சோகம் போன்ற முகக்குறிகளுக்குச் சாதாரண விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு எடை தரப்பட்டது. கோபக்குறி பெறும் பதிவுகளில் பொய்ச் செய்தியும் நச்சும் மிகுதி என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே சுட்டிக்காட்டினர். 2020-இல்தான் அதன் எடை பூச்சியமாக்கப்பட்டது. அதன் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் 2021-இல் உள் ஆவணங்களை வெளிக்கொணர்ந்திராவிட்டால், மூன்றாண்டுக் காலம் கோபத்துக்குக் கூடுதல் கூலி கொடுக்கப்பட்டது வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது.

தரவரிசையே கூடாது என்று வாதிடுவது சரியல்ல. வெறும் நேர வரிசை என்றால் நாளுக்கு ஐம்பது முறை பதிவிடுபவர் மற்ற எல்லோரையும் மூடிவிடுவார். சந்தையில் உரக்கக் கூவுபவருக்கே வியாபாரம் என்றாகிவிடும். என் ஆட்சேபம் வேறு. இது பொருளியலில் வாடகை எனப்படும் விஷயத்தைச் சேர்ந்தது.

தொடக்க ஆண்டுகளில் இந்தத் தளங்கள் சென்றடைவை இலவசமாக வழங்கின. கடைக்காரர்கள், பத்திரிகைகள், நூலகங்கள், தொண்டு அமைப்புகள் எல்லோரும் தம் வாசகர்களையும் வாடிக்கையாளர்களையும் அழைத்துக்கொண்டு அங்கே குடியேறினார்கள். கூட்டம் சேர்ந்தபின் இலவசச் சென்றடைவு படிப்படியாகச் சுருங்கியது. அருகிலேயே, பணம் கட்டினால் பதிவை உயர்த்திக் காட்டுகிறோம் என்ற பொத்தான் வந்தது. தான் சேர்த்த வாடிக்கையாளரிடம் பேசவே வடக்குத்துக் கடைக்காரர் இப்போது வாடகை தர வேண்டும். ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை போட்டபின் பழைய சாலையோரக் கடைகள் வெறிச்சோடுவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே சாலையைத் திருப்பியவரே புதிய சாலையில் கடைக்கு இடமும் விற்கிறார்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்கள் சூழ்ந்த இப்பகுதியினருக்கு அறிவிக்கை, ஆட்சேபம், விசாரணை, இழப்பீடு என்ற சொற்கள் பழக்கமானவை. இழப்பீடு போதுமா என்ற வழக்கு தலைமுறைகளாக நீள்கிறது என்றாலும், கேட்பதற்கு ஓர் அலுவலகமாவது உண்டு. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை, நிறுவனங்கள், செய்தி ஊடகங்களின் பதிவுகள் குறைவாகவே தெரியும் என்று மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். உலகெங்கும் எத்தனையோ சிறு தொழில்களின் வருவாயைத் தொட்ட அந்த முடிவுக்கு அறிவிக்கை அவ்வளவுதான். ஆட்சேபம் தெரிவிக்க அலுவலகம் இல்லை.

வியாபாரத்தைவிடக் கவலை தருவது பொதுத் தகவல். ஃபெஞ்சல் புயலையொட்டி 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருகிக் கடலூர் வரை வெள்ளம் வந்தது. அத்தகைய நாள்களில் ஓர் எச்சரிக்கையின் ஆயுள் சில மணி நேரம். ஆனால், எதிர்வினைகளை எண்ணி வரிசைப்படுத்தும் முறையில், நேற்றைய பதிவு அதிகப் பின்னூட்டங்கள் பெற்றிருந்தால் இன்று மேலே நிற்கும். இன்றைய எச்சரிக்கை கீழே கிடக்கும். கிராம சபைக் கூட்டம், குடிநீர் நிறுத்தம், மருத்துவ முகாம் போன்ற செய்திகளுக்கு யாரும் முகக்குறி இடுவதில்லை. ஆகவே அவை ஏறுவதும் இல்லை. தண்டோரா போட்டவர் எந்த வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில்லை.

ஊர்ச் செய்திகள் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு இடம்பெயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். குழுவில் செய்திகள் வந்த வரிசையிலேயே நிற்கின்றன. வதந்தியும் அதே வரிசையில் வருகிறது என்பது வேறு தொல்லை. தவிர, ஒரு குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது.

சட்டம் என்ன செய்கிறது? இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பணம் பெற்று முன்னிறுத்தப்படும் பதிவை விளம்பரம் என்று பெரிய தளங்கள் தெளிவாக அடையாளம் காட்ட வேண்டும். உயர்த்தப்பட்ட பதிவை இதனால் அறியலாம். தாழ்த்தப்பட்டதை அறிய வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போயிருக்கிறது. அதன் எண்மச் சேவைகள் சட்டம், வரிசைப்படுத்துவதற்கான முக்கிய அளவுகோல்களைத் தளங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. பயனரின் நடத்தையைக் கணிக்காத ஒரு வரிசையையும் மிகப்பெரிய தளங்கள் வழங்க வேண்டும் என்கிறது.

நம் கைப்பேசிகளிலும் அப்படியொரு வசதி இல்லாமலில்லை. 2022 முதல் இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும், பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் காட்டும் பகுதி உண்டு. அதைத் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுத்தாலும், செயலியை மூடித் திறந்தால் பழைய தரவரிசையே வந்து நிற்கும். இதை எதிர்த்து நெதர்லாந்தின் எண்ம உரிமை அமைப்பொன்று வழக்கு தொடுத்தது. பயனர் ஒருமுறை செய்த தேர்வு, அவரே மாற்றும்வரை நிலைத்திருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு நெதர்லாந்துப் பயனர்களுக்கு மட்டுமே பொருந்தும்.