மேக்னசைட் ஸ்டேஷனும் ப்ளஸ் ஒன்னும்

சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே 'மேக்னசைட்' என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. சாமி பேர் வைப்பார்கள், தலைவர் பேர் வைப்பார்கள்... இது கெமிஸ்ட்ரி புத்தகத்துப் பேர்! அந்தப் பக்கமாகத் தினம் ஸ்கூல் பஸ்ஸில் போகிற பையனிடம், ''மேக்னசைட்னா என்னடா?'' என்று கேட்டுப் பாருங்கள். ''ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா சார்?'' என்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டல் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ப்ளஸ் ஒன் புத்தகத்தை ஒப்புக்குப் புரட்டிவிட்டு ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைப்பது பல இடங்களில் வாடிக்கை. 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. 2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சரி. பழைய வாடிக்கை மெல்லத் திரும்பி வந்தால்?

ப்ளஸ் ஒன் போனால் 'மோல்' போச்சு. கெமிஸ்ட்ரிக்கே அதுதான் அஸ்திவாரம். பி.காம். படித்த எனக்கு அது பேரேட்டுச் சமாச்சாரமாகத்தான் படுகிறது. மேக்னசைட், அதாவது நம்மூர் வெள்ளைக்கல், மெக்னீசியம் கார்பனேட். சுத்தமான கல் 84 கிலோவைச் சூளையில் சுட்டால் சுமார் 40 கிலோ மெக்னீசியம் ஆக்ஸைடுதான் தேறும். உலைகளுக்குள் பதிக்கிற செங்கல்லுக்கு அதுதான் சரக்கு. பாக்கி 44 கிலோ? எவனும் திருடவில்லை சார்... கார்பன் டை ஆக்ஸைடாகக் காற்றோடு போயிற்று! வரவு 84, செலவு 40-ம் 44-ம். கணக்கு டாலி! ''மீதி எங்கேடா போச்சு?'' என்று முதலில் கேட்டு, பத்து நிமிஷம் பசங்களை அடித்துக்கொள்ள விட்டு, அப்புறம் சமன்பாடு எழுதுகிற வாத்தியாருக்கு மனப்பாட நோட்டே வேண்டாம்.

நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்? வினிகரில் போட்டால் ஓடு நுரைத்துக் கரையும். அது கால்சியம் கார்பனேட், வெள்ளைக்கல்லுக்குப் பங்காளி. அங்கே சுட்டோம், இங்கே அமிலம். கிளம்புவது அதே வாயு. சேலத்து ஜவ்வரிசிக் கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம், மாவுச்சத்துக்குச் சாட்சி. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் கெமிஸ்ட்ரிதான். எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், மறுபடி மஞ்சள்!

ஆனால் வெறும் வேடிக்கை காட்டினால் பசங்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முட்டையைப் போடுமுன், ''என்ன ஆகும்? நோட்டில் எழுது'' என்று சொல்ல வேண்டும். எழுதியபின் தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். மறுநாள் மறுபடி எடை.

வீட்டில் ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பி இருந்தால் இந்த ஞாயிறே ஆரம்பிக்கலாம். செலவு, ஒரு முட்டையும் கொஞ்சம் வினிகரும். தயவுசெய்து அந்த முட்டையில் ஆம்லெட் போடாதீர்கள்.