கூலி பாக்கியா? இந்த 90 நாள் கணக்கு தெரியுமா?

விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களும், அண்டி ஆபீஸில் தோட்டெண்ணெய்க் கறை படிந்த கையோடு பருப்பு எடுக்கும் பெண்களும் கட்டாயம் அறிய வேண்டிய சேதிகள் இவை. குமரி மாவட்டத்தாரே, படியுங்கள்!

★ நூறு பேருக்குக் கூலி பாக்கியா? நூறு மனு வேண்டாம், ஒரே மனு போதும்! 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. பதிவு பெற்ற தொழிற்சங்கமே உறுப்பினர்களுக்காக மனுப் போடலாம். அமெரிக்காவில் இத்தகைய கூட்டு வழக்கில் சேர ஒவ்வொருவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், தெரியுமா?

★ மனுப் போட 3 ஆண்டு அவகாசம்! முன்பு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் வெறும் 6 மாதம்தான்.

★ "கூலியெல்லாம் கொடுத்தாச்சே" என்கிறாரா முதலாளி? அதை நிரூபிக்க வேண்டியவர் அவரேதான்! மனுவை விசாரிக்கும் அதிகாரி பாக்கியோடு, அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம்.

★ உத்தரவில் திருப்தி இல்லையா? 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவிட்டவரைவிட ஒரு படியாவது உயர்ந்த அதிகாரி அதை விசாரிப்பார். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கெடு தாண்டியும் ஏற்கலாம்.

★ 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பிறந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது! அந்தச் சட்டத்தில் அப்பீலுக்கு 30 நாள்தான் இருந்தது. போக வேண்டியிருந்தது மாவட்ட நீதிமன்றத்துக்கு. முதலாளி அப்பீல் போனால், உத்தரவான தொகையை முதலில் கட்டி, கட்டியதற்குச் சான்றிதழும் இணைக்க வேண்டியிருந்தது. தொழிலாளர் கூட்டமாகப் போவதற்கோ பாக்கி 50 ரூபாயைத் தாண்டினாலே போதுமானதாக இருந்தது!

★ 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் அப்பீலே இருந்ததில்லை, தெரியுமா? அதிகாரியின் உத்தரவே இறுதியாக இருந்தது. அதையும் எதிர்க்க வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழியாக இருந்தது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகு, அதற்காகக் குமரிக்காரர்கள் சென்னை வரை அலைய வேண்டியிருக்கவில்லை.

★ உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால்? நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்க இப்போதைய சட்டத் தொகுப்பில் வழி இருக்கிறது!

உழைத்த கூலி யாரும் போடும் பிச்சை அல்ல. எனவே உத்தரவின் நகலை வாங்கியதும் அதிலுள்ள தேதியைச் சங்கத்தார் எல்லோரும் குறித்து வையுங்கள்; மேல்முறையீட்டுக்கான 90 நாள் எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்துதான்.