மலை வண்டியின் பின் இருசுப் பற்சக்கரங்கள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை வாழவந்தி நாட்டுச் சிறுவனும் அறிவான். அச்சாலையில் சங்கத்துச் சரக்கைச் சுமக்கும் பிக்கப் வண்டிகளைப் பற்றி நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி எழுகின்றது. "வண்டி இழுக்கவில்லை, பின் இருசிலுள்ள கிரவுனையும் பினியனையும் மாற்றினால் இழுக்குமாமே, பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கின்றனவாமே, சங்கப் பணத்தில் வாங்கலாமா?" என்பதே அது. செலவாவது அங்கத்தினர்களின் பணமாதலின், இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விசைத்தறி ஓட்டும் நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. துணி சுருட்டும் அமைப்பில் மாற்றுச் சக்கரத்தின் பல் எண்ணிக்கையை மாற்றினால், அங்குலத்துக்கு விழும் ஊடைகளின் எண்ணிக்கை மாறுகிறதன்றோ? பின் இருசிலும் அதுவே நிகழ்கின்றது. என்ஜினிலிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள சிறு சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய சக்கரம் கிரவுன். பினியனில் 9 பல்லும் கிரவுனில் 37 பல்லும் இருப்பின், தண்டு 4.11 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அவற்றை நீக்கி 8-க்கு 39 என்னும் ஜோடியைப் பொருத்தினால் அது 4.88 சுற்று ஆகும். இழுப்பு ஏறத்தாழ 19 சதவீதம் மிகும். முன்னர் 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி, என்ஜினின் அதே சுழற்சியில் 50 கிலோமீட்டரையே சற்றுத் தாண்டும். ஒன்றைக் கொடுத்தே ஒன்றைப் பெறுகிறோம்.

ஏற்றத்தைப் பற்றியே யாவரும் பேசுகின்றனர். ஆனால் நம் மலையில் பெரும்பாரம் ஏறுவதில்லை, இறங்குகின்றது. மரவள்ளிக் கிழங்கு சேகோ ஆலைகளுக்கும், மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் சந்தைகளுக்கும் கீழ்நோக்கியே செல்கின்றன. பாரத்துடன் இறங்கும் வண்டியைத் தாழ்ந்த கியரில் என்ஜினே தடுத்துப் பிடிக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பல் விகிதம் உயர்ந்தால் அந்தத் தடுப்பும் அதே அளவில் மிகும். ஆகவே இம்மாற்றத்தால் மலைவாசிகளுக்குக் கிடைக்கும் உண்மையான இலாபம் இறக்கத்திலேயே உள்ளது என்பது நம் கருத்து. எனினும் பிரேக்குக்கு இது மாற்றாகாது.

மாற்றத்துக்கு முன் சிலவற்றை ஆராய்தல் வேண்டும். உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மேற்பட்ட பெரிய டயர்களைப் போட்டிருப்பின் இழுப்புக் குறையும். பழைய அளவுக்குத் திரும்பினாலே போதும். அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுவோர்க்கு எந்தப் பற்சக்கரமும் உதவாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின் முன் இருசையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். ஆகவே செலவு இரட்டிக்கும். மின்னணுக் கட்டுப்பாடுகள் நிறைந்த புதிய வண்டிகளில் உற்பத்தியாளரைக் கேளாமல் கைவைத்தல் தகாது.

பழைய சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டை பெயர் பெற்றது; நாமக்கல், சேலம் பக்கங்களிலும் கிடைக்கும். பழைய சாமானை நாம் வெறுக்கவில்லை. ஆனால் கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்க்கப்பட்டவை. பல்லோடு பல் பழகியவை. ஒரு வண்டியின் கிரவுனோடு வேறொரு வண்டியின் பினியனைச் சேர்த்தல் கூடாது. அடிவாரத்துச் சங்கமொன்றின் கணக்கைப் பார்வையிட்டபோது, ஒரே வருஷத்தில் டிபரன்ஷியல் பழுதுக்கென மூன்று வவுச்சர்களைக் கண்டோம். விசாரித்ததில், இரு வேறு வண்டிகளிலிருந்து எடுத்த சக்கரங்களை ஜோடி என்று விற்றிருந்தார்கள். முதலில் ஊளைச் சத்தம், பிறகு இரும்புத் துகள், இறுதியில் பல்லே உடைந்தது. உடைந்தது சமதரையில், ஓட்டுநர் பிழைத்தார். வளைவில் சக்கரம் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாயிருந்தது.

ஆகவே தனிச் சக்கரங்களை வாங்காமல், பெட்டியோடு கூடிய முழு டிபரன்ஷியலை, இயன்றால் முழு இருசையே வாங்குக. கடையிலேயே விகிதத்தைச் சோதிக்கலாம். ஒரு பக்கத்துச் சக்கரத்தை அசையாமல் பிடித்து, மறுபக்கத்ததை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றினால், தண்டு முனை எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். மூடியைத் திறந்து பற்களைப் பார்க்கவேண்டும். முனை சிதறல், குழிப்புள்ளி, சூட்டால் நீலம் பாரித்த நிறம், எண்ணெயில் மின்னும் துகள் ஆகியவற்றில் எது இருப்பினும் விலக்குக. இருசின் அகலம், ஷாஃப்டின் பள்ளங்களின் எண்ணிக்கை, பிரேக் அமைப்பு ஆகியவை நம் வண்டிக்குப் பொருந்துகின்றனவா என்று அளந்து பார்த்தல் அவசியம். பேரிங்குகளையும் எண்ணெய் சீல்களையும் மட்டும் பழையதாக வாங்கவே கூடாது.

பெட்டியைப் பிரித்துப் பொருத்த நேர்ந்தால் பட்டறைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள். கிரவுன் பற்களில் செந்தூள் மசியைத் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். உச்சியிலோ அடியிலோ விழுந்தால், சிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ பினியனை நகர்த்த வேண்டும். இரு பற்களுக்கிடையே விடும் தளர்வு பல வண்டிகளில் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. திட்டமான அளவை அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் காண்க. கைப்பழக்கமே போதும் என்று கூறுபவரிடம் வண்டியை விடாதீர்கள். பூட்டிய பின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் குறைத்து ஓட்டி, பிறகு எண்ணெயை மாற்றுவது நன்று.

இனி எம் தொழிலைச் சார்ந்த ஒன்று. வேகமானிக்குக் கியர்பெட்டியிலிருந்து சுழற்சி வரும் வண்டிகளில், இம்மாற்றத்துக்குப் பின் மானி பொய் சொல்லும். மேற்கண்ட கணக்கின்படி வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் மானி 118 அல்லது 119 காட்டும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி 12 ஓடுவதாகத் தோன்றி, டீசல் கணக்கு அழகாக இருக்கும்! அத்துடன், கிலோமீட்டர் கணக்கில் வாடகை கொடுக்கும் அங்கத்தினர், தம் மரவள்ளிக்கு ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவான தொகையை வீணாகக் கொடுத்துக் கொண்டிருப்பார். இதை எவரும் வேண்டுமென்று செய்வதில்லை; ஆயினும் பணம் போனது போனதே. மானியின் சிறு பல்சக்கரத்தையும் மாற்றுக. இயலாவிடில், அளந்தறிந்த தூரத்தில் ஓட்டிப் பார்த்து, திருத்த விகிதத்தை வண்டிக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிச் செயலாளர் கையொப்பமிடுக.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. நம் மாற்றம் அதில் அடங்குமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தும் ஆரம்பிக்க வேண்டும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதைக் குறித்த பில் இல்லாமல் சாமான் வாங்கக் கூடாது. திருட்டு வண்டியின் இருசு சங்கத்து வாசலுக்கு வருவது எவருக்கும் கௌரவமன்று. விலைப்புள்ளிகளும் குழுவின் தீர்மானமும் முன்னதாகவே இருக்கட்டும். கழற்றிய பழைய ஜோடி பட்டறையிலேயே தங்கிவிடாமல் சங்கத்துக்குத் திரும்பி வந்து, இருப்புப் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். அதுவும் நல்ல நிலையிலிருந்தால் விலை போகும் பொருளே.