ஆங்கிலச் சான்றிதழ்: முதலில் வாங்குபவரைக் கேளுங்கள்

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகள் சப்பாத்துப் போடுகிற அந்தப் பத்து நிமிடம்தான் பெற்றோர் ஆளையாள் பிடித்துக் கதைக்கும் நேரம். அப்படி ஒருநாள் ஒரு தாய் என்னை மறித்தார். "அண்ணை, மகளுக்கு இங்கிலீஷ் சேர்ட்டிபிக்கேற் வேணுமாம். ஐயெல்ட்ஸோ கேம்பிரிட்ஜோ, எது சுகமான சோதினை?"

"அதை ஆரிட்டைக் குடுக்கப் போறியள்?" என்று கேட்டேன். லண்டனில் படிக்க என்றார். எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, எத்தனை புள்ளி கேட்கிறார்கள் என்பதெல்லாம் இன்னும் பார்க்கவில்லை. பரீட்சைக்குப் பதிகிற பக்கத்தை மட்டும் கைபேசியில் திறந்து வைத்திருந்தார்.

சுவிஸில் வாழும் நம்மவர்களில் பலர் இந்த இடத்தில்தான் காசையும் மாதங்களையும் தொலைக்கிறார்கள். ஆங்கிலம் எல்லாப் பரீட்சையிலும் ஒன்றுதான். ஆனால் எந்தப் பரீட்சையின் சான்றிதழை ஏற்பது என்று முடிவு செய்வது அதை வாங்குகிற அலுவலகம். அதனால் முதலில் அந்த அலுவலகத்தின் விதியை வாசிக்க வேண்டும், பிறகு பரீட்சையைத் தெரிவு செய்ய வேண்டும்.

சுவிஸ் அலுவலகங்களிலிருந்தே தொடங்கலாம். சி பெர்மிட்டுக்கோ குடியுரிமைக்கோ ஆங்கிலச் சான்றிதழ் உதவாது. கேட்பது ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் போன்ற இந்த நாட்டு மொழிகளை. 2018 முதல் குடியுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 வேண்டும். 2019 முதல் சி பெர்மிட்டுக்குப் பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1. இவை கூட்டாட்சிச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். சில கன்டோன்கள் கூடுதலாகவும் கேட்கும். இதற்குப் பலர் எடுப்பது ஃபீடே பரீட்சை. விளம்பரத்தில் பி1 என்று கண்டதும் ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டு, கடைசியில் கம்யூனில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். உணவகத்தில் இரவு வேலை செய்துகொண்டு ஆறு மாதம் படித்தவர்.

இந்த ஏ1 முதல் சி2 வரையான ஏணிக்கும் சுவிஸுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1991 நவம்பரில் சூரிச் ஏரியின் இடது கரையிலுள்ள ருஷ்லிகோனில், சுவிஸ் அரசின் அழைப்பில் ஐரோப்பிய மன்றம் ஒரு கருத்தரங்கு நடத்தியது. ஒரு நாட்டு மொழிச் சான்றிதழை இன்னொரு நாடு எப்படிப் புரிந்துகொள்வது என்பதே அங்கே எழுந்த கேள்வி. அதற்குப் பொது அளவுகோல் வேண்டும் என்ற முடிவு அங்கேதான் பிறந்தது. பிறகு சுவிஸ் ஆய்வு நிதியில் பிரையன் நோர்த், குந்தர் ஷ்னைடர் இருவரும் வழிநடத்திய திட்டத்தில், ஏறக்குறைய 300 ஆசிரியர்களும் 2,800 மாணவர்களும் பங்கெடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்ற விவரிப்புகள் அந்த வேலையில் தேறியவை. 2001இல் ஐரோப்பிய மன்றம் முழு ஏணியையும் நூலாக வெளியிட்டது. இன்று டொரொன்டோவிலும் கொழும்பிலும் பி2 என்று சொன்னால் விளங்குகிறது என்றால், அந்த வேலையில் பெரும்பங்கு இந்த நாட்டில் நடந்தது.

இனிப் பிரித்தானியா. நம் பிள்ளைகள் அதிகம் போவது அங்கேதான், நம் வீடுகளுக்கு மருமக்கள் வருவதும் போவதும் அங்கேதான்.

பட்டப்படிப்பு என்றால், மாணவரின் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டு முடிவு செய்ய விசா விதி இடம் தருகிறது. அங்கே வழக்கமான ஐயெல்ட்ஸ் அக்கடமிக் போதும். கேம்பிரிட்ஜ் சி1 சான்றிதழையும் பல இடங்களில் ஏற்பார்கள். பட்டத்துக்கு முந்திய ஆயத்த ஆண்டு என்றால் கதை வேறு: உள்துறை அமைச்சு அங்கீகரித்த மையத்தில் எழுதிய பரீட்சை வேண்டும். அதற்கென்றே 'ஐயெல்ட்ஸ் ஃபார் யுகேவிஐ' என்று தனிப் பதிவு இருக்கிறது. கேள்விகளின் வடிவம் ஒன்றுதான். ஆனால் மையமும் அடையாளச் சோதனையும் சான்றிதழில் வரும் குறிப்பும் வேறு. சாதாரண ஐயெல்ட்ஸில் 8 எடுத்தாலும் இந்த விசாவுக்கு அது செல்லாது. எல்லா மையத்திலும் இது நடப்பதுமில்லை. பதியும் முன் அங்கீகாரப் பட்டியலில் மையத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கணவன் மனைவி விசாவுக்கு முதலில் கேட்பது ஏ1. நீட்டிக்கும்போது ஏ2. நிரந்தர வதிவிடத்துக்கு பி1. பேசுவதையும் கேட்பதையும் மட்டும் சோதிக்கும் 'லைஃப் ஸ்கில்ஸ்' பரீட்சை இதற்கானது: இரண்டு பேர் சேர்ந்து பரீட்சகர் முன் உட்கார்ந்து பேசுவார்கள், முடிவு சித்தியா இல்லையா என்பது மட்டும். 65 வயதானவர்களுக்கு விலக்கு உண்டு. இங்கே கேம்பிரிட்ஜ் சான்றிதழ் செல்லாது. பாசலில் வணிகத் தொழிற்பயிற்சி படித்து, கேம்பிரிட்ஜ் ஃபர்ஸ்ட் சித்தியடைந்து, சரளமாகப் பேசும் பெண்ணும் லண்டன் மாப்பிள்ளையைக் கட்டினால் ஏ1 பரீட்சைக்குப் போய் உட்காரத்தான் வேண்டும். எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை. விதி அதுதான்.

கனடா குடிவரவுக்கு ஐயெல்ட்ஸின் ஜெனரல் பிரிவு வேண்டும், அக்கடமிக் எடுபடாது. அங்கே போக எண்ணுபவர்களுக்கு ஒரு விஷயம்: லவுசானிலும் ஜெனீவாவிலும் வளர்ந்தவர்களிடம் ஏற்கனவே ஒரு முதல் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சுக்குத் தனியாகக் கூடுதல் புள்ளிகள் உண்டு. நல்ல பிரெஞ்சும் ஓரளவு ஆங்கிலமும் இருந்தால் 50 புள்ளி வரை கிடைக்கும். ஆங்கிலத்துக்கு மட்டும் காசு கட்டிவிட்டுப் பிரெஞ்சுப் பரீட்சையை மறந்துவிடாதீர்கள்.

பிரித்தானியாவில் தாதியாகப் பதிவதற்கு ஐயெல்ட்ஸில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும், மருத்துவத் துறையினருக்கான ஓஈடியும் ஏற்கப்படும். நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதச் சொல்லும் பரீட்சை அது. வார்டில் வேலை செய்தவர்களுக்கு அது இயல்பாக வரும்.

ஐயெல்ட்ஸ் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். கேம்பிரிட்ஜ் சான்றிதழில் காலாவதி கிடையாது, ஆனாலும் வாங்குபவர் அண்மையில் எடுத்தது வேண்டும் எனலாம். ஆகவே விண்ணப்ப நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திகதி எடுங்கள். ஒருமுறை சறுக்கினால் திரும்ப எழுதவும் இடம் விட்டு வையுங்கள்.

பதிவில் அதிகம் இடறுவது பெயர். இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் நிற்கும். இங்கே பிறந்த பிள்ளைக்குப் பாட்டன் பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. பெர்மிட் அட்டையில் ஒரு எழுத்துக் குறைந்திருக்கும், வங்கி அட்டையில் பெயர் முன்பின் மாறியிருக்கும், பாடசாலைச் சான்றிதழில் பாதிப் பெயர்தான் இருக்கும். பரீட்சைப் பதிவில் இவை எதையும் பார்க்க வேண்டாம். பரீட்சை அன்று கொண்டுபோகும் அடையாள ஆவணத்தை மேசையில் விரித்து வைத்து, அதில் உள்ள எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டுங்கள். விசாவுக்கான பரீட்சை என்றால் அது விண்ணப்பத்தில் காட்டப்போகும் அதே கடவுச்சீட்டாக இருக்கட்டும். அகதிகளுக்கான பயண ஆவணம் வைத்திருப்பவர்கள், அதை ஏற்பார்களா என்று காசு கட்டும் முன்பே மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

பரீட்சை இல்லாமலே சான்றிதழ் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களுக்குப் பதிலே போடாதீர்கள். ஐயெல்ட்ஸ் அறிக்கையின் இலக்கத்தை வாங்கும் நிறுவனம் இணையத்தில் சரிபார்க்கும். 2014இல் பிரித்தானியாவில் டோயிக் பரீட்சை மோசடி வெளியானபோது ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா பறிபோனது. குற்றமே செய்யாதவர்களும் அதில் மாட்டி, ஆண்டுக்கணக்காக நீதிமன்றம் ஏறினார்கள்.

ஐயெல்ட்ஸ் கேட்டல் அரை மணி நேரம், வாசிப்பு ஒரு மணி, எழுத்து ஒரு மணி, பேச்சு 11 முதல் 14 நிமிடம். நான்கின் சராசரியே மொத்தப் புள்ளி. கேட்டலில் 7.5, வாசிப்பில் 7, எழுத்தில் 6, பேச்சில் 6.5 எடுத்தால் சராசரி 6.75, அது 7 ஆக உயரும். மகிழ்ந்துவிட வேண்டாம். எதிலும் 6.5க்குக் குறையக்கூடாது என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தால், எழுத்தில் எடுத்த 6 கதவை அடைத்துவிடும். கணினியில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் அந்த ஒரு பகுதியை மட்டும் மீள எழுதலாம். அதையும் எல்லோரும் ஏற்பதில்லை. மறுபடியும் வாங்குபவரைத்தான் கேட்க வேண்டும். எழுத்தில் இரண்டாவது கேள்விக்கு முதலாவதைவிட இரட்டிப்பு மதிப்பு. வரைபடத்தை விவரிப்பதில் நேரத்தை விட்டவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

விழுந்தால் வெட்கப்படவும் வேண்டாம். 1913இல் கேம்பிரிட்ஜ் தன் முதல் ஆங்கிலப் பரீட்சையை நடத்தியபோது எழுதியவர்கள் மூன்றே பேர். ஏறக்குறைய 12 மணி நேரப் பரீட்சை. மூவருமே தவறினார்கள்.

நம் பிள்ளைகள் விழுவதற்கு இன்னொரு காரணத்தை வீட்டில் பாடம் சொல்லும்போது கண்டேன். ஜெர்மனில் 'பெகொமன்' என்றால் பெறுதல். அதை நினைத்துக்கொண்டு, கடிதம் கிடைத்தது என்பதற்கு 'ஐ பிகேம் எ லெட்டர்' என்று எழுதுகிறார்கள், நானே கடிதமாகிவிட்டேன் என்று பொருள்படும்படி. 45ஐ ஜெர்மனில் ஐந்தும் நாற்பதும் என்று சொல்வதால், கேட்டல் பகுதியில் தொலைபேசி இலக்கம் வரும்போது கை 54 என்று எழுதிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட நேரம். ஜெர்மனில் 'ஹால்ப் சீபன்' என்றால் 6.30, ஏழை நோக்கிய அரை. பிரித்தானியர் 'ஹாஃப் செவன்' என்றால் 7.30. பயிற்சி ஒலிப்பதிவில் ஹாஃப் செவனுக்குச் சந்திப்போம் என்று வந்தபோது என் பெறாமகள் யோசிக்காமல் 6.30 என்று எழுதினாள். அம்மம்மாவிடம் 7.30ஐத் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். "ஏழரை" என்றாள். அப்போதுதான் அவளுக்கே பிடிபட்டது: ஏழும் அரையும், ஆங்கிலத்திலும் அதே கணக்கு. அதன் பிறகு நேரம் வரும் கேள்விகளில் அவள் முதலில் தமிழில் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள்.