ஜீப்பு வண்டியின் இன்ஜெக்டர்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்வோர் காரவள்ளியைக் கடந்ததும் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். சமவெளியில் குற்றம் தெரியாமல் ஓடிய டீசல் ஜீப்பு இருபதாவது வளைவுக்குள் தன் நோயைச் சொல்லிவிடும். என் பழைய ஜீப்பும் ஒரு நாள் அவ்வாறே சொல்லிற்று. பின்னால் கரும்புகை; எந்திரத்தில் சம்மட்டியால் தட்டுவது போன்ற ஓசை; முதல் கியரை விட்டு மாற்ற இயலவில்லை. பட்டறைக்குக் கொண்டு சென்றேன். நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றவேண்டும் என்றார்கள். மாற்றினேன், பெரும் பணம் கொடுத்தேன். நான்கு மாதத்தில் அதே புகை மீண்டும் வந்தது.

அப்பணம் வீணானது ஏன் என்பதை அறிய, இன்ஜெக்டர் செய்யும் வேலையை முதலில் அறிதல் வேண்டும். பெட்ரோல் எந்திரத்தில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசல் எந்திரத்தில் பொறி இல்லை. உருளைக்குள் புகுந்த காற்று தன் கொள்ளளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. அப்போது அது 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேல் சூடாகிறது. அச்சூட்டில் டீசலைப் பனிபோல் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். தூவும் வேலை இன்ஜெக்டருடையது; அதன் நுனியை நம் பட்டறைகளில் நாசில் என்பர். தூவாமல் சொட்டினால் துளி முழுதும் எரியாது. கரியாகிப் புகையாய் வெளிவரும்.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எந்திரத்தில், எரிபொருளை உள்ளே ஊதுவதற்கே அழுத்திய காற்று தேவைப்பட்டது. அக்காற்றுக்கெனத் தனிக் கருவி சுமந்த எந்திரம் சாலைக்கு உதவுமா? 1927-இல் ஸ்டட்கார்ட்டின் பாஷ் நிறுவனம் சிறிய அழுத்தப் பம்புகளைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பின்னரே லாரிகளில் டீசல் எளிதாகக் குடிபுகுந்தது. 1951-இல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ நிறுவனம் இக்கருவிகளை இந்நாட்டிலேயே செய்யலாயிற்று. இன்று நாமக்கல்லின் லாரிகளும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் இவற்றை நம்பியே ஓடுகின்றன. சேலம், நாமக்கல் சாலைகளில் 'பம்ப் – நாசில்' என்னும் பெயர்ப்பலகைகளைக் காணாமல் நெடுந்தூரம் செல்ல முடியாது.

அத்தகைய ஒரு சிறு கடையில்தான் எனக்கு விடை கிடைத்தது. அங்கிருந்த முதிய மெக்கானிக் இன்ஜெக்டரைத் தொடவே இல்லை. காற்று வடிகட்டியைப் பார்த்தார். அது அடைத்திருந்தாலும் கரும்புகை வருமன்றோ! பிறகு டீசல் வடிகட்டியின் அடியைத் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடித்தார். மேலே டீசல், கீழே இரண்டு விரற்கடை நீர், அதனடியில் செந்துரு. "நாசில் மேல தப்பில்லீங்க; டாங்கியக் கழட்டிப் பாருங்க" என்றார்.

நாசிலுக்குள் ஓர் ஊசி மேலும் கீழும் நகர்கிறது. ஊசிக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. நம் தலைமயிரின் பருமனோ அதைப்போல் பல மடங்கு. அவ்விடைவெளியில் துருவும் நீரும் புகுந்தால் புதிய நாசில் என்ன, பழைய நாசில் என்ன?

அடுத்து, நோய் எந்த உருளையில் என்று கண்டார். எந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் செல்லும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தினார். நன்றாக உழைக்கும் உருளைக்கு எரிபொருள் நின்றால் எந்திரம் தடுமாறும். இரண்டாம் உருளையில் மட்டும் ஓட்டம் மாறவில்லை. அது முன்னரே உழைக்கவில்லை என்பது பொருள். பலர் இத்துடன் நிறுத்தி இன்ஜெக்டரைக் குற்றவாளியாக்குவர். வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருப்பினும் இதே அறிகுறி தோன்றும். ஆதலின் அவர் இரண்டாம் இன்ஜெக்டரையும் நான்காவதையும் இடம் மாற்றிப் பொருத்தினார். குற்றமும் நான்காம் உருளைக்கு மாறிற்று. மாறாது இரண்டிலேயே நின்றிருந்தால் எந்திரத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் சோதனைமுறை இதுவே அல்லவா?

பின்னர் நான்கையும் கழற்றிக் கைப்பம்புச் சோதனைக் கருவியில் பூட்டினார். பழைய வகை நாசில்கள் வண்டிக்கேற்பச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 120 முதல் 250 கிலோகிராம் அழுத்தத்தில் திறக்கும். ஒன்று சொட்டியது, மற்றொன்று குறைந்த அழுத்தத்திலேயே திறந்தது. ஏனைய இரண்டும் கரகரவென்னும் நல்ல ஓசையோடு புகைபோல் தூவின. அத்தூவலின் எதிரே கை நீட்டலாகாது. அழுத்தம் மிக்க டீசல் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளியே தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். உடனே அறுவை மருத்துவரிடம் செல்லாவிடில் விரலையே இழக்க நேரும்.

இவ்வெச்சரிக்கை புதிய வண்டிகளுக்கு இன்னும் பொருந்தும். 1997-இல் கார்களில் வரத் தொடங்கிய காமன் ரெயில் முறையில் அழுத்தம் 1600 கிலோகிராமையும் தாண்டுகிறது. அங்கே ஓடும் எந்திரத்தில் நட்டைத் தளர்த்துவது தற்கொலைக்கு ஒப்பாகும். ஒவ்வோர் இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலைத் தனித்தனிப் புட்டியில் பிடித்து அளப்பர். எது மிகுதியாகத் திருப்புகிறதோ அது தேய்ந்தது. கசிவைத் தேடவும் விரல் கூடாது. அட்டைத் துண்டை நீட்ட வேண்டும்.

பொருத்துவதில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒரு செப்பு வாஷர். பழைய வாஷர் குழியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காணாமல் புதியதை மேலே போட்டால் நாசிலின் நுனி உயர்ந்துவிடும், வாயு கசியும், தூவலும் தவறான இடத்தில் விழும். குழியைத் துடைத்து, புது வாஷர் இட்டு, குறித்த அளவே முறுக்க வேண்டும். காமன் ரெயில் வண்டியாயின், இன்ஜெக்டரின் மேல் பொறித்த குறியீட்டு எண்ணைக் கணிப்பொறிப் பெட்டியில் பதிய வேண்டியதும் உண்டு. பழைய வண்டியில் கைப்பம்பை அழுத்திக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றினால் போதும்.

என் ஜீப்பின் டாங்கியைக் கழுவினோம், வடிகட்டியை மாற்றினோம், இரண்டு நாசில்களை மட்டும் புதிதாக இட்டோம். அடுத்த வாரம் செம்மேடு வரை இரண்டாம் கியரிலேயே ஏறினேன். அம்முதியவர் மாற்றாமல் விட்ட மற்ற இரண்டும் இன்றும் அவ்வண்டியில்தான் இருக்கின்றன.